குறியெதிர்ப்பையும் ஈகையும்: கொடைச் சொற்களில் உடையாரும் இல்லாரும்

உடையார் இரக்கம் மிக்கவரா, இல்லார் இரக்கம் மிக்கவரா என்னும் வினா அண்மைக் காலத்தில் உளவியலாராலும் பொருளியலாராலும் பெரிதும் ஆராயப்பட்டு வருகிறது. பால் பிஃப்பும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், பத்துப் புள்ளிகளைத் தமக்கும் முன்பின் அறியாத ஒருவர்க்கும் பகிர்ந்துகொள்ளுமாறு கேட்கப்பட்டோருள், சமூக ஏணியில் தம்மைக் கீழ்ப்படியில் வைத்து மதிப்பிட்டவர்களே மிகுதியாகக் கொடுத்தனர் என்று கண்டனர். இம்முடிவு செய்தித்தாள்கள் வழியே உலகெங்கும் பரவியது. ஐந்தாண்டுகளுக்குப் பின்னர், 2015இல், கோர்ண்டோர்ஃபர், எக்லாஃப், ஷ்முக்லே ஆகிய செருமானிய ஆய்வாளர் மூவர் பெருந்தொகையான மக்களிடம் திரட்டப்பட்ட தரவுகளைக் கொண்டு இதற்கு மாறான முடிவை வெளியிட்டனர். உயர்நிலையினரே அறக்கொடையிலும் தன்னார்வப் பணியிலும் முந்தி நிற்கின்றனர் என்பது அவர்கள் கண்டது. நெதர்லாந்தில் ஆண்ட்ரியோனி, நிக்கிஃபொராகிஸ், ஸ்டூப் ஆகியோர் வேறொருவர் முகவரிக்கு உரிய பண உறைகளைச் செல்வர் வீடுகளிலும் வறியோர் வீடுகளிலும் தவறி வந்தவை போல இட்டுப் பார்த்தனர் (2021). செல்வர் வீடுகளிலிருந்தே உறைகள் மிகுதியாகத் திரும்பின. ஆயினும், பணமுடையும் அதன் நெருக்கடியும் கணக்கில் கொள்ளப்பட்டபோது இரு சாராரின் மனப்பான்மையிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று அவர்கள் முடிவு செய்தனர்.

இம்முடிபுகளுள் எது சரியானது என்று தீர்ப்பது மொழியியலாரின் வேலையன்று. ஆனால், இவை ஒன்றோடொன்று முரண்படுவதற்கு ஒரு காரணம் மொழியோடு தொடர்புடையது என்று இக்கட்டுரையாளர் கருதுகிறார். 'கொடுத்தல்' என்று எச்செயல் எண்ணப்படுகிறது, எச்செயல் எண்ணப்படாமல் விடப்படுகிறது என்பது சொற்களால் முன்னரே வரையறுக்கப்பட்டு விடுகிறது. தமிழில் இவ்வரையறை மிகப் பழமையானது. அதனை இனங்காணாமல் நம் நூல்களைப் பிறமொழிக்குப் பெயர்ப்பதும், பிறமொழி வினாநிரல்களைத் தமிழாக்குவதும் ஒருபாற் சார்பான விளைவையே தரும்.

ஈ, தா, கொடு

தொல்காப்பியச் சொல்லதிகார எச்சவியல் இம்மூன்று சொற்களையும் இரத்தற் பொருளில் வருவனவாகக் கூறி, ஈ என்பது இழிந்தோன் கூற்று, தா என்பது ஒப்போன் கூற்று, கொடு என்பது உயர்ந்தோன் கூற்று என வகுப்பது தமிழ் மாணவர் யாவரும் அறிந்ததே. 13ஆம் நூற்றாண்டு நன்னூலும் இதனை வழிமொழிகிறது. இவ்விதி வகுப்பறையில் சொல்லப்படும்போது பெரும்பாலும் கொடுப்போனின் நிலையைக் குறிப்பதாகவே விளங்கிக்கொள்ளப்படுகிறது. உண்மையில் அது கேட்போனின் நிலையைக் குறிப்பது. உயர்ந்தோனும் தாழ்ந்தோனிடத்து ஒன்றைக் கேட்கும் வேளை உண்டு என்பதை இலக்கணம் ஏற்றுக்கொண்டுள்ளது. அதனாற்றான் கொடு என்பது படர்க்கைச் சொல்லாயினும், தன்னைப் பிறன்போலக் கூறும் குறிப்பினால் தன்னிடத்தும் வரும் என அடுத்த விதி அமைதி கூற நேர்ந்தது. 'எனக்குத் தா' எனக் கேட்க நாணும் பெரியவன், 'இவனுக்குக் கொடு' எனத் தன்னைத் தள்ளி நிறுத்திக் கேட்கிறான். இரத்தலின் இழிவைத் தவிர்க்க இலக்கணமே ஒரு திரையை நெய்து தருகிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

கிளவியாக்கத்தில் இவ்வினைகள் பற்றி வேறொரு விதியும் உண்டு. தருசொல்லும் வருசொல்லும் தன்மை முன்னிலைக்கு உரியவை. செலவும் கொடையும் படர்க்கைக்கு உரியவை என்பது அது. இவ்விதி முற்றிலும் இடம் பற்றியது. உயர்வு தாழ்வு அதில் இல்லை. மலையாளம் இன்றும் இவ்விடவேறுபாட்டைப் பேணி வருகிறது: எனக்கும் உனக்கும் 'தருக', அவனுக்குக் 'கொடுக்குக'. கன்னடத்தில் கொடு என்பதே எல்லா இடத்துக்கும் பொதுவினை. ஈ என்பது பழங்கன்னடத்தோடு ஒதுங்கிவிட்டது. தெலுங்கிலோ ஈ என்னும் அடியிலிருந்து வந்த 'இச்சு' என்பதே அன்றாடப் பொதுவினையாகும். கடை வீதியிலும் அரண்மனையிலும் தெலுங்கர் 'இச்சு' என்பதைத்தான் வழங்குவர். ஆகவே ஈ என்னும் அடிச்சொல்லில் இழிவோ உயர்வோ இயல்பாக இல்லை. அது தமிழ்ச் சமூக வழக்கு அச்சொல்லின் மேல் ஏற்றிய சுமை எனக் கொள்வதே பொருத்தமாகும்.

புறநானூற்றில் (204) கழைதின் யானையார் வல்வில் ஓரியிடம் கூறுவது இதற்கு நல்ல விளக்கம். ஈ என்று கேட்பது இழிவு. ஈயேன் என மறுப்பது அதனினும் இழிவு. கொள் என்று கொடுப்பது உயர்வு. கொள்ளேன் என மறுப்பது அதனினும் உயர்வு என்பது அப்பாட்டின் கருத்து. இங்குக் கொடுப்போன் வாயில் வருவது கொடு என்பதன்று, கொள் என்பதே. கொடுப்போனுக்குரிய உயர்வு, பெறுவோனை வினைமுதலாக்கும் ஒரு சொல்லில் அமைந்திருக்கிறது. இந்நுட்பத்தை மொழிபெயர்ப்பில் காப்பது கடினமன்று. ஆயினும் ஈ, கொள் இரண்டையும் வெறும் கேட்டல், கொடுத்தல் என்று பெயர்த்தால் அது மறைந்துவிடும்.

இக்காலத் தமிழில் ஈ என்னும் வினை தனியே வழங்குவதில்லை. அது எஞ்சி நிற்கும் இடங்கள் நோக்கத்தக்கவை. ஈகை, ஈதல் என்பன மேடைக்கும் பாடநூலுக்கும் உரியனவாகிவிட்டன. ஈகைத் திருநாள் என்னும் பெயரில் அதற்கு ஓர் உயிர்ப்பு உண்டு. ஈவிரக்கம் என்பது பெரும்பாலும் 'இன்றி', 'அற்ற' என்னும் எதிர்மறையோடு மட்டுமே வருகிறது. கணக்கில் ஈவு, பங்குச் சந்தையில் ஈவுத்தொகை. இழிந்தோன் கூற்று என்று தொல்காப்பியர் வகுத்த சொல், இன்று முதலீட்டாளர்க்குக் கிடைக்கும் இலாபப் பங்கைச் சுட்டுகிறது. சொற்களின் ஊழ் இப்படியும் அமைவதுண்டு.

குறியெதிர்ப்பை

திருக்குறளின் ஈகை அதிகாரம் ஒரு வரையறையோடு தொடங்குகிறது (221). வறியார்க்குக் கொடுப்பதே ஈகை. ஏனைய கொடைகளெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை உடையன என்பது அதன் கருத்து. குறியெதிர்ப்பை என்பது அளவு குறித்து வாங்கி, வாங்கிய அளவிலேயே திருப்பிக் கொடுப்பது எனப் பரிமேலழகர் விளக்குகிறார். உழக்கு அரிசியோ, நாழி உப்போ அண்டை வீட்டில் அளந்து வாங்கி, நெல் வந்தபின் அதே உழக்கால் அளந்து கொடுப்பதுதான் இது. வட்டி இல்லை, முறி இல்லை, சான்று இல்லை.

போப்பையர் தம் செய்யுள் மொழிபெயர்ப்பில் (1886) இதனைக் கைம்மாறு நாடிச் செய்வது எனப் பொதுவாக்கியதோடு, நன்மை அற்றது என்னும் தீர்ப்பையும் சேர்த்துவிட்டார். மூலத்தில் அத்தீர்ப்பு இல்லை. 'அதன் தன்மையுடையது' என்னும் வகைப்பாடு மட்டுமே உண்டு. ட்ரூ, லாசரஸ் ஆகியோரின் உரைநடைப் பெயர்ப்பு 'அளந்த' என்னும் அடையைக் கைவிடாமல் காத்திருப்பது பாராட்டுக்குரியது. ஆயினும் அதிலும் அடுக்களையின் மணம் இல்லை. வள்ளுவர் எடுத்துக்கொண்டது இலாபம் கருதும் வணிகனின் செயலை அன்று. இல்லாத வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் கொடுக்கல் வாங்கலை. கைம்மாறு எதிர்நோக்கல் என்று அது பெயர்க்கப்பட்டவுடன் ஏழைப் பெண்டிரின் ஒரு நற்செயல் தன்னலமாக மாறிவிடுகிறது. இது மொழிபெயர்ப்பாளர் அறிந்து செய்த பிழையன்று. ஆனால் விளைவு சிறிதன்று. குறளை ஆங்கிலத்தில் மட்டும் அறிந்தவர், வறியோர் தமக்குள் செய்துகொள்ளும் உதவியை இந்நூல் அறவே கணக்கில் கொள்ளவில்லை என்றோ, அதனைப் பழித்தது என்றோதான் எண்ணக்கூடும்.

பழிக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் ஈகை என்னும் பெயரை அதற்குத் தரவுமில்லை. இங்குத்தான் திறனாய்வாளர் நின்று எண்ண வேண்டியிருக்கிறது. ஈகை என்பது இவ்வரையறைப்படி மேலிருந்து கீழ்நோக்கிப் பாய்வது. இடையறாது ஒரே மட்டத்தில் ஓடும் கொடைக்கு அதிகாரத் தலைப்பு எதுவும் கிடைக்கவில்லை. ஒப்புரவு அத்தகையதன்றோ எனலாம். சொல்லளவில் ஒப்பு என்பது அதில் இருப்பது உண்மையே. ஆயினும் அவ்வதிகாரத்து உவமைகள் ஊருணி நீரும், உள்ளூர்ப் பயன்மரமும், மருந்து மரமும் ஆகும். நிறைந்த ஒன்றிலிருந்து பலர் எடுத்துக்கொள்வதையே அவை காட்டுகின்றன. செல்வம் சுருங்கிய காலத்தும் கடமை அறிந்தோர் ஒப்புரவில் தளரார் என்னும் கருத்தும் (218) ஒருகாலத்து உடையவராய் இருந்தவரையே சுட்டுவதுபோல் தோன்றுகிறது. (இச்சொல் இன்று கிறித்தவத் தமிழில் மனிதனுக்கும் இறைவனுக்கும் இடையேயான நல்லுறவு மீட்சியைக் குறிக்க வழங்குகிறது. குறளை முதன்முறை படிக்கும் அச்சமய மாணவர் அதிகாரத் தலைப்பில் தடுமாறுவதை வகுப்பில் கண்டதுண்டு.)

செல்வத்தை வள்ளுவர் இரக்கத்துக்குப் பகையாகவும் காணவில்லை. அன்பு ஈன்ற அருள் என்னும் குழந்தையைப் பொருள் என்னும் செவிலித்தாய் வளர்க்கிறாள் என்னும் கருத்து (757) இவ்விவாதத்தில் எடுத்துக்காட்டப்படாதது வியப்பாக உள்ளது. தாய் வேறு, செவிலி வேறு. இரக்கம் பொருளிலிருந்து பிறப்பதில்லை. ஆனால் பொருள் இன்றி அது வளர்வதில்லை. நெதர்லாந்து ஆய்வாளர் உறைகளை இட்டு அறிந்த முடிவுக்கு இது மிக அணுக்கமானது. செவிலி என்பதைத் தாய் என்று பெயர்த்துவிட்டால் கருத்தே தலைகீழாகிவிடும் என்பதை மொழிபெயர்ப்பாளர் உணரவேண்டும்.

புறநானூற்றில் குறியெதிர்ப்பை

குறளுக்கு வெளியே இச்சொல் வரும் இடங்கள் சிலவே. அவற்றுள் இரண்டு புறநானூற்றில் உள்ளன. இரண்டும் இக்கட்டுரைக்கு இன்றியமையாதவை.

முதலாவது, பெருஞ்சித்திரனார் தம் மனைவியிடம் கூறுவது (163). முதிர மலைத் தலைவன் குமணனிடம் பெற்றுவந்த செல்வத்தை யார் யாருக்குக் கொடுக்கவேண்டும் என்று அவர் அடுக்கிச் சொல்கிறார். உன்னை விரும்பி வாழ்வோர்க்கு, நீ விரும்பி வாழ்வோர்க்கு, உன் சுற்றத்தார்க்கு என்று செல்லும் அப்பட்டியலில், நம் குடும்பத்தின் கடும்பசி தீரக் குறியெதிர்ப்பை நல்கியோர்க்கும் என்று ஓர் இடம் வருகிறது. வினை நல்கு என்பது. மன்னர் பரிசிலர்க்கும், தலைவன் தலைவிக்கும் செய்யும் அருளைக் குறிக்கும் அதே வினையை அளந்து கொடுத்த அண்டை வீட்டார்க்குப் புலவர் வழங்குகிறார். குறியெதிர்ப்பை ஈகையாகாது என்று வள்ளுவர் விலக்கிய செயல் இங்கு 'நல்குதல்' என்னும் பெருமிதச் சொல்லைப் பெற்றிருக்கிறது. (நல்கு, நல்கூர், நல்குரவு என்னும் சொற்களின் ஓசை ஒப்புமையைக் கொண்டு 'வறுமையே கொடை' என்று மேடையில் பேசுவோர் உளர். ஓசை ஒப்புமை மட்டும் வேர் உறவுக்குச் சான்றாகாது.) திருப்பித் தரவேண்டிய அளவை மட்டும் கொடு என்று அவர் சொல்லவில்லை என்பதும் கருதத்தக்கது. என்னையும் கேளாமல், சேர்த்து வைத்து வாழ்வோம் என்றும் எண்ணாமல் எல்லார்க்கும் கொடு என்கிறார். கடன் அங்குக் கொடையாக விரிந்துவிடுகிறது.

இரண்டாவது (333), சீறூர் ஒன்றில் விருந்தினரை எதிர்கொள்ளும் ஒரு மனைவியைப் பற்றியது. வீட்டில் ஒன்றும் இல்லை. குறியெதிர்ப்பையும் எங்கும் கிடைக்கவில்லை. விதைக்கு என்று கதிரிலேயே உலரவிட்டிருந்த தினையை உரலில் இட்டுக் குற்றி உணவாக்குகிறாள். இதனைப் படிப்போர் பெரும்பாலும் வறியோரின் இயல்பான வள்ளன்மைக்குச் சான்றாகக் காட்டுவர். அத்தனை எளிதாக இதனை முடித்துவிட இயலாது. அவள் முதலில் செய்தது கடன் கேட்டதே. அது கிடைக்காதபோதுதான் விதையைத் தொட்டாள். ஊர் முழுவதும் ஒருங்கே வறண்டிருக்கும்போது குறியெதிர்ப்பை நின்றுவிடுகிறது. விதையைக் குற்றுவது அடுத்த பருவத்தையே குற்றுவதாகும். மேலும் அவள் ஊரின் கடைக்குடியைச் சார்ந்தவள் அல்லள்; சிறியதேனும் ஒரு தலைவனின் மனைவி. அதற்கு மேல், பாடியவர் உண்ட விருந்தினர் வரிசையைச் சேர்ந்தவர். பெறுவோர் எழுதிய இலக்கியத்தில் கொடுப்போர் எல்லாரும் நல்லவராய் இருப்பது இயல்பே.

327ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. எருதுகள் இன்றி இளைஞர் மிதித்தெடுத்த சிறிது வரகில், கடன்காரர் பெற்றது போக எஞ்சியதைப் பசித்த பாணர் உண்டுவிட்டனர். சுற்றத்தின் பசி தீர்க்கத் தலைவன் தன் ஊரிலுள்ள எளிய மக்களிடம் வரகு கடன் இரக்கிறான். அவனே பெருவேந்தன் வந்தாலும் எதிர்நிற்கும் வீரன். கடன், இரத்தல் என்னும் இரு சொற்களும் இங்கு இணைந்து நிற்பதை நோக்குக. இர என்பது வறியவன் உயர்ந்தோனிடம் கேட்கும் வினை. இங்கு உயர்ந்தோன் எளியோரிடம், திருப்பித் தருவதாகச் சொல்லிக் கேட்கிறான். இவ்விணைப்பிலிருந்து இன்றைய 'இரவல்' வரை ஒரு நேர்கோடு வரையலாம் என்பது என் துணிபு. இரவல் புத்தகம், இரவல் நகை, இரவல் சைக்கிள் என்று நாம் வழங்கும்போது அதில் பிச்சை என்னும் பொருள் அறவே இல்லை. மேல்கீழாக இருந்த ஒரு வினை ஒப்பாருக்கிடையே வழங்கும் பெயராக மாறியிருக்கிறது. அகராதியில் பழம்பொருளும் புதுப்பொருளும் அடுத்தடுத்து எண்ணிடப்பட்டுக் கிடக்கின்றன. அவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது சமூக வரலாறு.

புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. சீறூர்த் தலைவரின் வறிய அடுக்களைகளைக் காட்டும் பாடல்கள் அதற்குப் பின்னர் வருவன. முடியுடை வேந்தர்தம் கொடைக்கு உரை உண்டு. வரகு கடன் இரப்பவனுக்கு இல்லை. தற்செயலான இழப்பே எனினும், இச்சொற்கள் பிற்கால உரைமரபில் வேரூன்றாமைக்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

வறுமையின் மறுபக்கத்தைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது. கண் திறவாத குட்டிகள் பால் காணாது முலை பற்ற, பொறாமல் நாய் குரைக்கும் அடுக்களை. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு, பெருஞ்சுற்றத்தோடு சேர்ந்து உண்கின்றனர். ஒரே காட்சியில் அடைப்பதும் பகிர்வதும் நிகழ்கின்றன. கதவுக்கு உள்ளே எல்லார்க்கும் உண்டு. வெளியே ஒருவர்க்கும் இல்லை. வறியோர் இரக்கமுடையவரா என்னும் வினாவை இவ்வீட்டில் கேட்டால் விடை, கேட்பவர் கதவின் எப்பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

வினாநிரலும் துணைவினையும்

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு களஆய்வுக்குரிய வினாநிரலின் தமிழ் வடிவத்தைச் சரிபார்க்கும் பணி இக்கட்டுரையாளருக்கு வாய்த்தது. ஆங்கில மூலத்தில் கொடைத்தன்மை பற்றி இருந்த வினா, 'கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் யாருக்கேனும் தருமம் செய்ததுண்டா?' என்று பெயர்க்கப்பட்டிருந்தது. பெங்களூரில் தமிழர் குடியிருப்பு ஒன்றில் முன்னோட்டமாக அதனைக் கேட்டபோது, வீட்டுவேலை செய்யும் மூதாட்டி ஒருவர், 'தருமம் பண்ற அளவுக்கு நமக்கு ஏதும்மா?' என்று சிரித்தார். 'இல்லை' என்னும் கட்டத்தில் குறியிடப்பட்டது. பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வீட்டுச் சிறுமி ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். அவர் எழுந்துபோய் அரிசியை அளந்து போட்டுவிட்டு வந்து அமர்ந்தார். அது தருமமன்றோ என்று கேட்டதற்கு, 'இது கைமாத்தும்மா. நாளைக்கு நான் போய் நிப்பேன்ல' என்றார்.

குறியெதிர்ப்பை என்னும் சொல் வழக்கிழந்து போயிற்று, செயல் வழக்கிழக்கவில்லை. கைமாற்று என்பதே இன்று அதன் பெயர். குறளில் (211) கைம்மாறு என்பது பெற்றதற்கு எதிராகச் செய்யும் பதிலுதவி. அதன் உறவுச் சொல்லே சிறுகடனுக்கும் பெயராயிற்று. தெலுங்கில் சேபதுலு, கன்னடத்தில் கைகட, மலையாளத்தில் கைவாய்ப என்பனவும் இதே பொருளன. நான்கு மொழிகளும் இச்செயலைக் கையோடு பிணைத்தே பெயரிட்டிருக்கின்றன. பத்திரமும் எழுத்தும் இன்றி ஒரு கையிலிருந்து மறுகைக்குச் செல்வது என்னும் பொதுக்கருத்து இதன்கண் உள்ளது. மொய், செய்முறை போன்றவை ஏட்டில் எழுதப்படுவன ஆதலின் அவற்றை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை.

கொடைத்தன்மைக்குத் தமிழில் கிடைக்கும் வேறு சொற்களைப் பார்த்தாலும் இடர்ப்பாடு குறைவதில்லை. வள்ளன்மை என்றால் கடையெழு வள்ளல்கள் நினைவுக்கு வருவர். எழுவரும் குறுநிலத் தலைவர். பெருந்தன்மை என்பதில் பெருமை முன்னதாகவே ஒட்டியிருக்கிறது. தாராளம் அளவைக் குறிப்பது. அளவு இல்லாதவர்க்கு அச்சொல்லில் இடமில்லை. 'நீங்கள் வள்ளன்மை உடையவரா?' என்று கூலித்தொழிலாளி ஒருவரைக் கேட்பது, அவரிடமிருந்து 'இல்லை' என்னும் விடையை வற்புறுத்திப் பெறுவதேயாகும்.

மொழியியலார் இங்கு வேறோர் இடத்தையும் சுட்டிக்காட்டலாம். வறியோரின் கொடை பெரும்பாலும் பொருளாக அன்றி உழைப்பாக நிகழ்கிறது. தமிழில் அதனை உணர்த்துவது பெயர்ச்சொல்லன்று, துணைவினை. 'நாற்று நட்டுக் கொடுத்தார்', 'மனு எழுதிக் கொடுத்தார்', 'தண்ணீர் பிடித்துத் தந்தாள்', 'பிள்ளையைக் குளிப்பாட்டி விட்டாள்' என்னும் தொடர்களில் கொடு, தா, விடு என்பன பிறர்க்காகச் செய்த செயல் என்னும் பொருளைச் சேர்க்கின்றன. தொல்காப்பியர் கூறிய உயர்வு தாழ்வு வேறுபாடு இத்துணைவினைகளில் இல்லவே இல்லை. யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கலாம். 'என்ன கொடுத்தீர்கள்?' என்று பெயரை எதிர்நோக்கிக் கேட்கும் வினாநிரல் இவற்றை எண்ணாது. 'யாருக்கேனும் எதையேனும் செய்து கொடுத்தீர்களா?' என்று துணைவினையால் கேட்டால் பட்டியல் நீளும். மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் பெரும்பாலும் பணத்தையும் புள்ளியையும் உறையையும் அளந்தவை. எண்ணத்தக்க பெயர்ப்பொருளை அளந்தவை என்று இலக்கண வழக்கில் சொல்லலாம்.

கு. அழகிரிசாமியின் (1923–1970) 'ராஜா வந்திருக்கிறார்' என்னும் சிறுகதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. செல்வர் வீட்டுச் சிறுவனும் ஏழை வீட்டுக் குழந்தைகளும் உன்னிடம் இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று போட்டியிடுகின்றனர். தமிழில் உடைமையைக் குறிக்கத் தனிவினை இல்லை. இரு என்னும் வினையோடு 'இடம்' சேர்ந்தால் அப்போது கைவசம் இருப்பது; 'கு' சேர்ந்தால் உறவாகவோ உரிமையாகவோ ஒட்டியிருப்பது. 'என்னிடம் சட்டை இருக்கிறது' என்பதற்கும் 'எனக்குத் தங்கை இருக்கிறாள்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. கைவசம் இருப்பவற்றின் போட்டியில் ஏழைக் குழந்தைகள் வெல்ல முடியாது. தீபாவளிக்கு முன்னாள் ராஜா என்னும் பெயருடைய அநாதைச் சிறுவன் அவர்கள் வீட்டுக்கு வருகிறான். தாயம்மாள் அவனை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென வாங்கிய துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். செல்வர் வீட்டுக்கு மருமகனாக ஒரு ராஜா வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று சிறுமி மங்கம்மாள் பெருமையோடு சொல்லும்போது உடைமைப் போட்டி உறவுப் பேச்சாக மாறிவிடுகிறது. தலைப்பிலுள்ள மரியாதை விகுதி எந்த ராஜாவுக்கு உரியது என்பதை ஆசிரியர் சொல்லவில்லை. வினைமுற்றில் மரியாதை காட்டாத மொழிக்கு இக்கதையைக் கொண்டு செல்வோர் தலைப்பிலேயே ஒன்றை இழந்துவிடுகின்றனர். தாயம்மாளிடம் துண்டு ஒன்றுக்கு மேல் இருந்திருந்தால் அவள் இன்னும் எளிதாகக் கொடுத்திருப்பாள் என்பதையும் மறுப்பதற்கில்லை. கதையின் துயரம் அங்கிருந்துதான் எழுகிறது.

வினாநிரலுக்குத் திரும்புவோம். தருமம் என்பதை நீக்கி, 'யாருக்கேனும் கைமாற்றாகவோ இனாமாகவோ ஏதேனும் கொடுத்தீர்களா, செய்து கொடுத்தீர்களா?' என்று மாற்றி எழுதித் தந்தேன். பிற மொழி வடிவங்களோடு ஒப்பிட முடியாமற்போகும் என்னும் காரணத்தால் அது ஏற்கப்படவில்லை. பழைய வினாவே அச்சாயிற்று. அம்மூதாட்டியின் தாளில் 'இல்லை' என்னும் குறி அப்படியே இருந்தது.